வண்டியில் 4500 லிட்டர்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். மறுபடி திறப்பது ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஆனாலும் டெல்டாக்காரர்களுக்கு இந்த இரண்டு தேதியும் மனப்பாடம். விவசாயிக்கு அது சாகுபடிக் கணக்கு. தீயணைப்பு நிலையத்தில் காலம் தள்ளிய எனக்கு அது வேறு கணக்கு. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடாத அந்த நாலரை மாதத்தில்தான் எங்கள் பக்கம் கூரை வீடுகள் அதிகமாக எரியும். பங்குனி வெயில் ஏறும்போது கீற்றெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பும். அடுப்பிலிருந்து ஒரு பொறி போதும். சம்பா அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் போட்டு வைத்திருப்பதும் அந்த நேரத்தில்தான். தீ அதிகமாகப் பிடிக்கிற மாதமும் தண்ணீர் குறைவாக இருக்கிற மாதமும் எங்களுக்கு ஒன்றே.

நான் தீயணைப்போராகச் சேர்ந்து, முன்னணித் தீயணைப்போராகி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் சின்ன ஊர் நிலையங்களில்தான் இருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்போது சீருடைப் பணியாளர் தேர்வில் தேறி இந்தத் துறைக்குப் போகப் போகிறான். "பெரியப்பா, அங்க போனா என்ன வேலை இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வண்டி. சின்ன ஊர் நிலையத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வாட்டர் டெண்டர்தான், அதாவது தண்ணீர்த் தொட்டியோடு கூடிய தீயணைப்பு வண்டிதான் இருக்கும். அதில் 4500 லிட்டர் தண்ணீர். பார்க்க மலைப்பாக இருக்கும். பெரிய பிராஞ்சை, அதாவது ஹோஸின் முனையில் பிடிக்கிற பீச்சுக்குழலை, முழு அழுத்தத்தில் திறந்து விட்டால் பத்து நிமிஷத்துக்குள் தொட்டி காலி. அதற்குப் பிறகு கையில் இருப்பது வெறும் பம்பும் குழாயும்தான். பெரிய நகரம் என்றால் அடுத்த வண்டி வந்துவிடும், லாரித் தண்ணீர் வரும். எங்களுக்கு அடுத்த நிலையம் இருபது கிலோமீட்டர் தள்ளி. ஆகவே தீயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தண்ணீரைப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்த வேலையின் முதல் திறமை எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

புது ஊருக்கு மாற்றலாகிப் போனால், முதல் வாரத்திலேயே சைக்கிளையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு சுற்றிவிட வேண்டும். எந்தக் குளத்தில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், அதன் கரை வரை வண்டி போகுமா, படித்துறை எவ்வளவு ஆழம், எந்த வயலில் போர் போட்ட பம்புசெட் இருக்கிறது, மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும், கோயில் குளத்துக் கதவின் சாவி யார் வீட்டில் இருக்கும், எந்தச் சந்தில் வண்டி நுழையும், எங்கே நுழையாது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் முழுசாகக் கிடைக்காது. டீக்கடையில் உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது, "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி, புளியமரத்துக்கிட்ட" என்று மட்டும்தான் அழுகைக்கு நடுவே காதில் விழும். அந்தப் புளியமரம் தெரிந்தவன் வண்டியில் இருக்க வேண்டும்.

கூரை வீடு எரிகிற இடத்துக்குப் போனால் ஒரு வசை நிச்சயம். "எல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் வருவானுங்க." இதைக் கேட்காத தீயணைப்போர் யாரும் இருக்க மாட்டார். கோபப்படக் கூடாது. வீட்டை இழந்தவர் வேறு யாரைத் திட்டுவார்? ஆனால் உண்மை நிலவரம் என்னவென்றால், காய்ந்த கீற்று வீடு ஒன்று பற்றினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கூரை உட்கார்ந்துவிடும். பலரும் முதலில் தாங்களே குடத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டு, முடியாத கட்டத்தில்தான் 101-க்குப் போன் செய்கிறார்கள். அப்புறம் நாங்கள் ஊர் தாண்டி, ரயில்வே கேட் தாண்டி வர வேண்டும். முதல் வீட்டை எங்களால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. நாங்கள் காப்பாற்றுவது இரண்டாவது வீட்டிலிருந்து பத்தாவது வீடு வரை.

அதனால் வண்டியிலிருந்து குதித்ததும் இரண்டே கேள்வி. "உள்ள யாராவது இருக்காங்களா?" அடுத்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? யாரும் உள்ளே இல்லை என்று தாயின் வாயால் உறுதியானால், எரிகிற வீட்டை விட்டுவிட்டுக் காற்று போகிற திசையில் இருக்கிற அடுத்த கூரையை நனைக்க ஆரம்பிப்போம். ஊர் ஜனங்களுக்கு இது தாங்காது. எரிகிற வீட்டை விட்டுவிட்டு எரியாத வீட்டில் தண்ணீர் அடிக்கிறானே என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. கொக்கியைப் போட்டு அடுத்த வீட்டின் ஓரக் கீற்றைப் பிய்த்து எறிந்து, நடுவில் இடைவெளி உண்டாக்கும்போது அந்த வீட்டுக்காரர் அழுவார். அந்த அழுகையைத் தாங்கிக்கொண்டுதான் பிய்க்க வேண்டும். பறக்கும் கீற்றுத் துண்டு நாலு வீடு தாண்டிப் போய் விழும். அதனால் ஒரு ஆளைத் தெருக் கோடிக்கே அனுப்பி, ஊர்ப் பையன்களோடு கூரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்வோம்.

இதற்குள் ஓட்டுநரும் இன்னொருவரும் குளத்தங்கரையில் சக்‌ஷன் போட்டிருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தடித்த கறுப்புக் குழாயை மாட்டித் தண்ணீருக்குள் போடுகிற வேலைதான். நடுராத்திரியில் அது நடக்காமல் போவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. பம்பு முதலில் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் புத்தகக் கணக்கில் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். குழாய்களை இணைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது மடங்கியிருந்தாலோ, நடுவில் ஒரு சிறு மணல் உட்கார்ந்திருந்தாலோ காற்று உள்ளே போகும். எஞ்சின் அலறும், மீட்டர் முள் ஆடும், சொட்டுத் தண்ணீர் வராது. அதனால் இணைப்பதற்கு முன் கட்டைவிரலை உள்ளே விட்டு வாஷரை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பு விரலுக்குத் தெரியும். அப்புறம் ரெஞ்ச் போட்டு இறுக்கி, குழாயின் அடியில் இருக்கும் சல்லடை முனை சேற்றில் படாமல் கயிற்றால் தூக்கிக் கட்ட வேண்டும். எங்கள் குளங்களில் ஆகாயத்தாமரையும் பாசியும் அடைத்துக்கொள்ளும். சல்லடை முனையை ஒரு கூடைக்குள் வைத்துக் கட்டிவிட்டால் கூடை வெளியே அத்தனையையும் தடுத்துக்கொள்ளும். பயிற்சியில் தினமும் காலையில் இதைச் செய்யச் சொன்னால் புதுப் பையன்களுக்கு அலுப்பாக இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ய வரும்வரை நான் விட்டதில்லை.

ஓட்டு வீடு, மாடி வீடு என்றால் வேலையே வேறு. அங்கே ஆளைச் சாய்ப்பது புகை. நெருப்பு வந்து சேர்வதற்கு முன்பே புகை மயக்கிவிடும். நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் தவழ்ந்துதான் போக வேண்டும். இருட்டில் சுவரைத் தடவும்போது உள்ளங்கையால் தடவக் கூடாது, புறங்கையால் தடவ வேண்டும். அறுந்து தொங்கும் ஒயரில் மின்சாரம் இருந்து, உள்ளங்கை பட்டால் விரல்கள் தாமாக மூடி ஒயரைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் கை உள்பக்கமாக மடங்கி ஒயரை விட்டு விலகும். மூடியிருக்கும் கதவையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்போம். சூடு தெரிந்தால் அந்தப் பக்கம் தீ நிற்கிறது என்று அர்த்தம். குழந்தைகள் பயந்தால் வெளியே ஓடி வர மாட்டார்கள், ஒளிந்துகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பத்தாயத்து இடுக்கில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடப் பதில் வராது. கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

வைக்கோல் போரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் ஓட்டின் மேல் விழுந்தது போல வழிந்து போய்விடும். உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நிலையத்துக்குத் திரும்பினால் விடிகாலையில் மறுபடி அழைப்பு வரும். போரை முழுவதும் கொக்கியால் பிரித்துப் பரத்தி, பிடி பிடியாக நனைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆகும். பஞ்சுப் பொதிக்கும் இதே குணம்தான். வருஷா வருஷம் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாங்கள் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிப்பதற்குக் காரணமே ஒரு பஞ்சுத் தீதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சு உள்ளுக்குள் கனிந்து எரிய, அணைக்கப் போனவர்கள் கப்பலில் இருக்கும்போதே வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளில் சட்டையில் கறுப்புப் பட்டை குத்தி நிற்கும்போது, எனக்கு அது எங்கோ நடந்த பழைய கதையாக ஒருநாளும் தோன்றியதில்லை.

டெல்டாவில் வேலை பார்த்தவனுக்கு இன்னொரு தேதியும் மறக்காது. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதே வருஷம் ஜனவரியில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. தணிக்கைக்குப் போன இடங்களில் நான் முதலில் பார்த்தது சுவரில் மாட்டிய சிவப்பு சிலிண்டர் அல்ல. மாடிப்படி. எத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்க முடியும், அடியில் சைக்கிளும் பழைய பெஞ்சும் அடைத்திருக்கிறதா, கடைசிக் கதவு பூட்டியிருக்கிறதா. "திருட்டுப் போகுது சார், அதான் பூட்டி வெச்சிருக்கோம்" என்பார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

தீ இல்லாத அழைப்புகள்தான் எண்ணிக்கையில் அதிகம். பாம்பு பிடிக்கக் கூப்பிடுவார்கள். முக்கால்வாசி சாரையாகத்தான் இருக்கும். ஆனாலும் விரியன் என்று நினைத்துக்கொண்டுதான் அணுக வேண்டும். தென்னை மரத்தில், பனை மரத்தில் கதண்டு, அதாவது விஷக் குளவிக் கூடு. அதைப் பகலில் தொட்டால் ஊரே ஓட வேண்டியிருக்கும். எல்லாம் கூட்டில் அடங்கிய பிறகு ராத்திரியில்தான் அழிப்போம். கிணற்றில் விழுந்த மாட்டுக்கு வெறும் கயிற்றைக் கட்டினால் வயிறு அறுந்துபோகும். கிழிந்து கழித்துப்போட்ட பழைய ஹோஸை அகலப் பட்டையாக வயிற்றில் சுற்றி, அதில் கயிற்றை மாட்டித் தூக்குவோம். ஆற்றில் முழுகியவரைத் தேடப் பாதாளக் கரண்டி, அதாவது கயிற்றில் கட்டிய கொக்கிக் கொத்து போடுவோம். கரையில் தாய் தகப்பன் நிற்கும்போது அதை இழுக்கிற கனம் கையில் இருப்பதில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எல்லாம் சாலைக்குக் குறுக்கே தென்னைதான். வாரக்கணக்கில் மரம் அறுத்தோம். தென்னை நார் மோட்டார் ரம்பத்தின் சங்கிலியை மழுக்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி அரம் போட வேண்டும். சாய்ந்து வளைந்து கிடக்கும் மரம் வில்லாக நிற்கும். அமுங்கி நெருக்குண்டு இருக்கும் உள்வளைவில் முதலில் கொஞ்சம் வெட்டிவிட்டு, அப்புறம்தான் இழுபட்டு நிற்கும் வெளிப்பக்கத்தில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மரம் பிளந்து ஆளை அடிக்கும். எடுத்தவுடன் அறுக்கக் கூடாது, மரத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு அறுக்க வேண்டும். தான் வைத்து வளர்த்த மரத்தை நாங்கள் துண்டு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர்கள், அந்த நிலையிலும் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

என்னை அதிகம் வருத்திய அழைப்புகள் உறைகிணறும் கழிவுநீர்த் தொட்டியும். நாள்பட மூடிக் கிடந்த கிணற்றைத் தூர் வார ஒருவர் இறங்குவார். மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். அவரும் விழுவார். மூன்றாவதாக ஒருவர். நாங்கள் போகும்போது மேலே பெண்கள் மட்டும் நின்று கதறிக்கொண்டிருப்பார்கள். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே பிராண வாயு இல்லை, அது சரி. ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை ஒரு தொட்டியின் வாயில், அண்ணன் உள்ளே கிடக்க, தம்பி குதிக்கப் போனான். இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க சார், எங்க அண்ணன் உள்ள கெடக்குறான், விடுங்க" என்று என் கையைக் கடித்தான். என்னோடு வந்தவர் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்க எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மூன்று நிமிஷமும் நான் அவனை விடவில்லை. அண்ணன் பிழைக்கவில்லை. தம்பி இன்றைக்கும் ஊரில் கடை வைத்திருக்கிறான், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆளைப் பிடித்து நிறுத்துவதும் இந்த வேலையில் ஒரு கடமைதான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அதற்கு வண்டி இருக்கிறது, அந்த வண்டிக்குப் போன் செய்தால் போதும். கூலிக்கு ஆள் கிடைக்கிறார் என்பதற்காக இறக்குகிறவர்களை எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை.

இன்னொரு வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தீ அடங்கிய பிறகு வீட்டுக்காரர்கள் சாம்பலுக்குள் இறங்கிவிடுவார்கள். ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளையின் மார்க் ஷீட், தாலி. இன்னும் கனன்றுகொண்டிருக்கும், கால் வெந்துவிடும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அவர்களை உட்கார வைத்துவிட்டு நாங்களே தேடுவோம். "டிரங்குப் பெட்டி எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டு, அந்த மூலையை நனைத்து ஆற வைத்து, சல்லடை வாங்கிச் சலிப்போம். கிடைக்கும் குண்டுமணித் தங்கமானாலும் கிராம நிர்வாக அலுவலரையும் ஊர்க்காரர் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். அறிக்கையில் என்னென்ன எரிந்தது என்பதையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். நிவாரணம் வாங்க அந்தத் தாளைத்தான் அவர்கள் அலுவலகம் அலுவலகமாக எடுத்துக்கொண்டு அலைவார்கள். தைத்துப் பிழைக்கிற பெண்ணின் தையல் மெஷின் அதில் விட்டுப்போய்விடக் கூடாது.

தெருப் பையனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். போன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால் முதலில் ஊர், தெரு, அடையாளம், அழைத்தவர் நம்பர், அப்புறம்தான் மற்றதெல்லாம். அழைக்கிறவர்களும் பதறாமல் இந்த நாலையும் சொல்லிவிட்டு, ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிறுத்தி வைத்தால் எங்களுக்குப் பல நிமிஷம் மிச்சமாகும். 101-ம் வேலை செய்யும், 112-ம் வேலை செய்யும்.

ஏப்ரலில் நிலையத்திலிருந்து பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ சமையல் சிலிண்டரோடு செய்முறை காட்ட வருவார்கள். வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டரின் வாயில் தீ எரியும்போது, நனைத்த சாக்கின் மேல் ஓரத்தில் இரண்டு கைகளையும் சுற்றி மறைத்துக்கொண்டு, காற்று முதுகில் படுகிற பக்கத்திலிருந்து குனிந்து போய், சாக்கை முன்பக்கமிருந்து மூடி, உடனே வால்வைத் திருக வேண்டும். எரியாமல் கசிவு மட்டும் இருந்தால், அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, கதவைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். "யார் வந்து செய்றீங்க?" என்று கேட்டால் முன்னால் வருவது பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள்தான். நீங்களும் போய் அந்தச் சாக்கை ஒருமுறை கையில் பிடித்து அணைத்துப் பாருங்கள்.